விருந்தாளிப் பலகை

உல்போசின் என்ற பெயருக்கு, அடுத்ததாவது ஆணாக இருக்கட்டும் என்று அர்த்தம். வீட்டில் அவள் மூன்றாவது பெண். பெயர் வைத்தும் பலனில்லை, நான்காவதும் பெண்தான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பதில் கல்யாணம், ரெண்டு பிள்ளைகள், நெல் அரவை ஆலையில் மூட்டை எண்ணுகிற வேலை. முப்பத்தாறாவது வயதில் கிஸில்ஒர்டா சாலைத் துறையின் பரிசோதனைக் கூடத்துக்குத் தரை துடைக்க வந்தாள். வந்த மூன்றாம் மாதம் சக்கர இயந்திரம் வந்து இறங்கியது. அதை ஓட்டுவதற்கென்று படித்த ஆள் ஒருவனை அனுப்பினார்கள். அவன் டிசம்பர் குளிரைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டினான். அவ்வளவு விலை கொடுத்த இயந்திரம் சும்மா நிற்கிறதே என்று கூடத்தின் தலைவர் ஜானுசாக் அவளைக் கூப்பிட்டார்.

"பொத்தானை அமுக்கத் தெரியுமா?"

"தையல் மெஷின் ஓட்டுவேன்."

"அப்ப இதையும் ஓட்டுவே."

அதுதான் நேர்முகத் தேர்வு. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அறிக்கையின் அடியில் அவள் கையெழுத்து இல்லாமல் அந்த மாகாணத்தில் ஒரு லாரி தார்க்கலவையும் ரோட்டில் விழாது.

இயந்திரம் ஒன்றும் மாயம் இல்லை. அலமாரி அளவில் ஒரு சூட்டுப் பெட்டி. உள்ளே கதவோரம் ஒன்றும் உள்சுவரோரம் ஒன்றுமாக ரெண்டு ரப்பர் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தார்ப் பலகை. கலவையை வார்த்து, உருட்டி, இறுக்கி எடுத்த பலகை. பெட்டியை அறுபது டிகிரிக்குச் சூடாக்கி, சக்கரத்தை அதன்மேல் இருபதாயிரம் தடவை ஓடவிடுவார்கள். ஆறரை மணி நேரம் ஆகும். கலவை சுமையை வாங்கி அமுங்கும், சுமை போனதும் கொஞ்சம் எழும். எழாமல் அப்படியே தங்கிவிடுகிற பள்ளம்தான் கணக்கு. ஐந்து மில்லிமீட்டருக்குள் நின்றால் தேறியது. தாண்டினால் அந்தக் கலவையை வைத்து ரோடு போடக் கூடாது. ஜூலை வெயிலில் லாரிகள் வரிசைகட்டிப் போகிற ஊர் அது. மோசமான ரோடு ஒரே கோடையில் வாய்க்கால் மாதிரி ஆகிவிடும்.

சக்கரம் ஓட ஓட, பள்ளத்தின் ஆழம் கணினியில் ஒரு கோடாக விழும். முதலில் செங்குத்தாக இறங்கும். அது பலகை படிவது, அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பிறகு சாய்வாக, சோம்பலாகப் போகும். அந்தச் சாய்வில்தான் விஷயம் இருக்கிறது. மற்றவர்கள் கடைசி எண்ணைப் பார்ப்பார்கள். உல்போசின் சாய்வைப் பார்ப்பாள். ஆயிரம் ஓட்டத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாதி ஓட்டத்துக்கு முன்னாலேயே கணக்குப் போட்டு, சாயங்காலம் என்ன எண் வரும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசைக்கண்ணாடிக்கு அடியில் வைப்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அந்த வருஷம் மே மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, ஒராஸாலி வந்தார். ஆற்றுக்கு அக்கரையில் சின்னதாக ஒரு தார்க்கலவை ஆலை, நாற்பது ஆட்கள். அவர் கலவை ஏற்கெனவே ரெண்டு தடவை தோற்றிருந்தது. மார்ச்சில் 6.1, ஏப்ரலில் 5.8. மூன்றாவது தடவையும் தோற்றால், அந்தப் பருவத்தில் ரோடு போடத் தகுதியுள்ள ஆலைகளின் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பட்டியல் வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போகிறது. பெயர் இல்லையென்றால் நாற்பது பேரும் வீட்டில்.

அவர் உல்போசினின் கணவன் வழியில் பெரியவர். புருஷன் வீட்டுப் பெரியவர்களைப் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். அவள் அவருக்கு வைத்தது ஜல்லி மாமா.

"இந்தா மருமகளே, மூணாவது ஜோடி" என்று ரெண்டு பலகையையும் மேசையில் இறக்கினார். எப்போதும் ஜோடியாகத்தான் கொண்டுவர வேண்டும். ஒன்று சோதனைக்கு, மற்றொன்று சாட்சிக்கு. சாட்சிப் பலகை ஒரு வருஷம் கிடங்கில் கிடக்கும். "இதுவும் போச்சுன்னா எங்க ஆளுங்களுக்கு உங்க வீட்டுலதான் சோறு."

அவள் பலகையைத் தடவிப் பார்த்தாள். சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது.

"என்ன ஜல்லி மாமா இது, பழைய ரொட்டி மாதிரி காஞ்சு கிடக்கு. தார் எவ்வளவு போட்டீங்க?"

"நாலு புள்ளி மூணு சதவீதம்."

"முதல் தடவை அஞ்சு புள்ளி நாலு போட்டிருந்தீங்களே."

"போட்டேன். பள்ளம் விழுதுன்னு எழுதிக் குடுத்தே. ரெண்டாவது தடவை குறைச்சேன். திரும்பவும் பள்ளம்னு எழுதினே. இப்ப இன்னும் குறைச்சிருக்கேன். இதுல பள்ளம் விழாது, வேணா உன் சக்கரம் தேயும்."

"பள்ளம் விழாது. ஜனவரிக் குளிர்ல வெடிக்கும்."

"தெரியும்" என்றார் ஒராஸாலி. "அஞ்சு வருஷ உத்தரவாதம் என் தலைமேலதான். வெடிக்க வெடிக்க ஒட்டுப்போட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். இப்ப ஆலை ஓடணும். முதல்ல அதைப் பாரு."

அவர் போன பிறகும் அவளுக்கு மனசு ஒட்டவில்லை. ஐந்து புள்ளி நாலு தார் போட்ட அந்த முதல் பலகை பார்வைக்கு நன்றாக இருந்தது. கறுப்பாக, இறுக்கமாக, கல்லோடு கல் உட்கார்ந்து. அது எப்படித் தோற்றது? கணினியைத் திறந்து அந்தக் கோட்டை எடுத்தாள். ஆரம்பத்தில் படிந்த ஆழம் சாதாரணம்தான், துறையின் சொந்த ஆலைப் பலகை அளவுக்கே இருந்தது. சாய்வு மட்டும் அதிகம். ஆயிரம் ஓட்டத்துக்குத் துறையினுடையது 0.10 இறங்கினால் இது 0.17.

துறையைச் சேராத மற்ற வெளியாட்கள் எப்படி என்று பார்க்கத் தோன்றியது. சிம்கென்ட் ரோட்டில் ஆலை வைத்திருந்தவர், அரால் பக்கத்து ஆள், துருக்கிக் கம்பெனி என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள். எல்லாம் ஏறத்தாழ அதே சாய்வு. கல் வேறு, தார் வேறு, மணல் வேறு. ஆனாலும் துறையின் கோட்டைவிட ஒன்றேமுக்கால் மடங்கு. நல்ல கலவைக்கும் அதே மடங்கு, சுமாருக்கும் அதே மடங்கு. வேறு வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் தழும்பு இருந்தால் சந்தேகம் பிள்ளைகள்மேல் வராது, ஊசி போட்டவள்மேல்தான் வரும்.

அவளுக்குக் காது சுட்டது. ஊசி போட்டவள் அவள்தான்.

முதலில் சக்கரங்களின் எடையைப் பார்த்தாள். ரெண்டும் ஒன்று. ரப்பரை அமுக்கிப் பார்த்தாள், அதிலும் வித்தியாசம் இல்லை. பலகை வார்க்கிற அச்சும் எல்லாருக்கும் ஒன்றேதான். வெளியாள் பலகைக்கு என்னதான் தனியாக நடக்கிறது என்று பெட்டிமுன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து யோசித்தாள். பழைய கோடுகளில் ஒன்று மட்டும் ஒத்துப்போகாமல் இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்டில் வந்த ஒரு வெளியாள் பலகை 4.0 எடுத்துத் தேறியிருந்தது. அந்த ஆளை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஏனென்றால் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். உள்சக்கரத்தின் சங்கிலி அறுந்திருந்த வாரம் அது. வேறு வழியில்லாமல் அவன் பலகையைக் கதவோரச் சக்கரத்தில் வைத்திருந்தாள்.

அங்கே பிடிபட்டது.

வீட்டில் வாசலுக்கு நேர் எதிரே, உள்சுவரை ஒட்டிய இடத்துக்குத் தோர் என்று பெயர். வருகிற விருந்தாளி அங்கேதான் உட்காருவார். வாசலோரம் வீட்டு ஆட்கள். அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, தவழ்கிற குழந்தைக்கே தெரியும். இயந்திரம் வந்த முதல் நாள் ஜானுசாக் சிரித்துக்கொண்டே, "வெளியாளோடத உள்ளே வை, நம்மளோடத கதவோரம் வை" என்றார். அது சிரிப்பாகச் சொன்னதுதான். ஆனால் அவர் சொல்லாவிட்டாலும் அவள் அப்படித்தான் வைத்திருப்பாள். பதினோரு வருஷமும் அப்படியே வைத்தாள். எந்தப் பலகை எந்தப் பக்கம் என்று எழுத அறிக்கையில் கட்டமே கிடையாது. விருந்தாளியை யாராவது வாசலில் உட்கார வைப்பார்களா என்ன, கட்டம் போடுவதற்கு.

பெட்டியின் சூடேற்றி இருப்பது உள்சுவரில். சூட்டை அளக்கிற கம்பி இருப்பது நடுவில்.

செவ்வாய்க்கிழமை காலையில் துறையின் சொந்த ஆலைப் பலகை ரெண்டை எடுத்தாள். ஒரே நாள், ஒரே லாரி. ரெண்டிலும் துளை போட்டு வெப்பமானியைச் செருகினாள். ஒன்றைக் கதவோரமும் மற்றொன்றை உள்ளேயும் வைத்தாள். நாலு மணி நேரம் சூடேறிய பிறகு, நடுவிலுள்ள கம்பி அறுபது என்று காட்டியது. கதவோரப் பலகையில் 57. உள்பலகையில் 63, அதிலும் பின்விளிம்பில் இன்னும் ஒன்றரை கூட. சக்கரத்தை ஓட்டினாள். வேலை நேரம் முடிந்து ஒரு மணிநேரம் கழித்துத்தான் நின்றது. கதவோரம் 3.9. உள்ளே 5.7.

ஜானுசாக் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து திரையைப் பார்த்தார். அவரை எல்லாரும் மரியாதையாக ஜாக்கே என்பார்கள். ஐம்பத்தொன்பது வயது, இலையுதிர்காலத்தில் ஓய்வு.

"இந்த அஞ்சு புள்ளி ஏழு யாரோடது?"

"நம்மளோடது, ஜாக்கே."

"நம்மளோடது மூணு ஒன்பதுல்ல?"

"அதுவும் நம்மளோடதுதான். ஒரே லாரி. ஒண்ணை விருந்தாளி இடத்துல வச்சேன்."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வெப்பமானி ரெண்டையும் குனிந்து பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, ரெண்டு தடவைக்குமேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"மொத்தம் எத்தனை?"

"வெளியாள் சோதனை இருநூத்திப் பன்னிரண்டு. தோத்தது அறுபத்தொண்ணு. அதுல முப்பதுக்கு மேல தேறியிருக்கணும்னு நினைக்கிறேன். சாய்வை வச்சுப் பார்த்தா அப்படித்தான் வருது."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்டதான்."

ஜானுசாக் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சொல்றதைக் கேளு. ஒராஸாலியோட மூணாவது பலகை இருக்குல்ல, அதை எங்க வச்சு ஓட்டினாலும் தேறிடும். அந்தக் காய்ஞ்ச கட்டை மூணுகூடத் தாண்டாது. அவன் ஆலை தப்பிச்சுது. நாமளும் தப்பிச்சோம். வெள்ளிக்கிழமை பட்டியல் போகட்டும். திங்கட்கிழமை நானே ஆளை வரவச்சுப் பெட்டியைச் சரிபண்றேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஜனவரியில ரோடு வெடிக்கும்."

"அவன் ஒட்டுப்போடுவான்."

"நம்ம தப்புக்கு அவர் ஏன் ஒட்டுப்போடணும்?"

"நம்ம தப்புன்னு சொல்லாதே. உன் தப்புன்னு சொல்வாங்க. பதினோரு வருஷமும் கீழ இருக்கிறது உன் கையெழுத்து."

"தெரியும்" என்றாள். "அதனாலதான் மூணாவது பலகை அறிக்கையில போட மாட்டேன். வேணும்னா நீங்க ஓட்டுங்க, நீங்களே போட்டுக்குங்க. பொத்தான் பச்சையா இருக்கும்."

"எனக்குப் பொத்தானைக் காட்டித் தர்றியா?"

"தரை துடைக்க வந்தவளுக்கு நீங்க காட்டித் தந்ததுதான்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோபித்துக்கொண்டும் போகவில்லை. கொஞ்ச நேரம் பெட்டியின் கதவைத் திறந்து திறந்து மூடினார். கதவு ரப்பர் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது.

"என்னதான் பண்ணணும்கிறே?"

"அவரோட முதல் ஜோடியில சாட்சிப் பலகை கிடங்குல இருக்கு. அஞ்சு புள்ளி நாலு தார். அதைச் சரியான அறுபதுல ஓட்டணும். தேறிச்சுன்னா பழைய ரெண்டு முடிவையும் அடிச்சுட்டு இதை எழுதணும். அடிக்கறதுக்கு உங்க கையெழுத்து வேணும்."

"தேறலைன்னா?"

"தேறலைன்னா மூணாவது தோல்வின்னு எழுதுவேன். ஆலை போயிடும்."

"அவன்கிட்ட சொல்லு" என்று எழுந்தார் ஜானுசாக். "அவன் சம்மதிச்சா ஓட்டு. சம்மதிக்க மாட்டான். எவனாவது கையில இருக்கிற ஜெயிப்பை விட்டுட்டுச் சூதாட வருவானா?"

புதன்கிழமை எட்டு மணிக்கே ஒராஸாலி வந்துவிட்டார். உல்போசின் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சூடு, சுவர், ரெண்டு கோடு, எல்லாம். அவர் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப எனக்கு மரியாதை பண்ணியே தோக்கடிச்சிருக்கே."

"ஆமா மாமா."

"காய்ஞ்ச பலகையை ஓட்டினா நிச்சயம் தேறுமா?"

"நிச்சயம்."

"பழையது?"

"தேறும்னு நினைக்கிறேன். நிச்சயம்னு சொல்ல மாட்டேன். நாலரைக்கும் அஞ்சுக்கும் நடுவுல வரும்."

"ஒரு மயிரிழை."

"மயிரிழைதான்."

அவர் ஜன்னல் வழியாக, வெளியே ரயில் பெட்டிகள் போவதைப் பார்த்தார். சரக்கு ரயில், நீளமானது. அது முழுக்கப் போகும்வரை பார்த்தார்.

"இருபத்தாறு வருஷமா தார் கொட்டறேன்" என்றார். "அந்த மொதக் கலவை நல்ல கலவை. அதைக் கொட்டிப் பார்க்கணும்னு எனக்கும் ஆசை. ஓட்டு."

அவள் பலகையை எடுத்துக் கதவோரச் சக்கரத்தின் கீழே வைத்தாள். வெப்பமானியைச் செருகினாள். ஒராஸாலிக்கு முகம் மாறியது. விளக்கமெல்லாம் கேட்டவர்தான், இருந்தாலும் மாறியது.

"வாசல்லயா வைக்கிறே?"

"உள்ளே சூடு ஒழுங்கில்லை. ஒரு விளிம்பு ஒண்ணரை டிகிரி கூட. இங்கதான் சமமா இருக்கு. மூணு டிகிரி ஏத்தி வச்சிருக்கேன், பலகையில சரியா அறுபது நிக்கும்."

"அது சரி. நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாங்க. மருமக பெரியவனைச் செருப்புப் பக்கத்துல உட்கார வச்சான்னு."

"நாலு பேரு இங்க வர மாட்டாங்க. ஜாக்கேதான் வருவாரு."

"அவன் வந்தா இன்னும் மோசம். ஊரெல்லாம் சொல்வான்."

சூடேறுகிற நாலு மணி நேரம், சக்கரம் ஓடுகிற ஆறரை மணி நேரம், அவர் அங்கேயே இருந்தார். கொண்டுவந்த இறைச்சிச் சம்சாவில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். ஆயிரம் ஓட்டத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து திரையைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்தார். ஐயாயிரத்தில் 2.9. கோடு படிந்து சாயத் தொடங்கியது. சாய்வு 0.12 என்று உல்போசின் கணக்குப் போட்டாள். அன்று துண்டுத் தாளில் எழுதி வைக்கவில்லை. எழுதுகிற எண்ணை அவர் பார்த்துவிடுவார், அது தப்பாகவும் போகலாம். பத்தாயிரத்தில் 3.6. பதினைந்தாயிரத்தில் 4.2. பதினாறாயிரத்தில் கோடு ஒரு துள்ளு துள்ளி 4.5 காட்டியது. ஒராஸாலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன அது?"

"கல்லு ஒண்ணு நகர்ந்திருக்கும். பொறுங்க."

அடுத்த ஆயிரத்தில் 4.5லேயே நின்றது. பிறகு பழைய சாய்வுக்குத் திரும்பியது. ஜானுசாக் வீட்டுக்குப் போகக் கோட்டு மாட்டியவர், கோட்டோடேயே வந்து நின்றார். மூன்று பேரும் நின்றபடியே பார்த்தார்கள். இருபதாயிரத்தில் சக்கரம் தானாகத் தூக்கிக்கொண்டது. 4.8.

உல்போசின் எண்ணை எழுதினாள், சூட்டை எழுதினாள், எந்தப் பக்கம் என்று ஓரத்தில் கையாலேயே ஒரு கட்டம் போட்டு எழுதினாள். மார்ச் அறிக்கையையும் ஏப்ரல் அறிக்கையையும் எடுத்து ஜானுசாக் முன்னால் வைத்தாள். அவர் பேனாவைத் திறந்து மூடினார்.

"இதுல போட்டா மிச்சம் ஐம்பத்தொன்பதுக்கும் நான் பதில் சொல்லணும்."

"ஆமா."

"அதுல பாதி ஆலை இப்ப இல்லவே இல்லை."

"இருக்கிறவங்களுக்குச் சொல்லலாம்" என்றாள்.

அவர் ரெண்டிலும் குறுக்கே கோடு போட்டு, கையெழுத்திட்டு, தேதி போட்டார். "உனக்கு எழுத்துமூலம் கண்டிப்பு வரும். அதுக்கும் நான்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்குக் காற்றடிக்கும் என்பதுபோலச் சொன்னார். "வரட்டும்" என்றாள் அவள். அது ஜூனில் வந்தது. அந்த வருஷத்து ஊக்கத்தொகை போயிற்று. பெட்டி ஆறு வாரம் சீல் வைக்கப்பட்டுக் கிடந்தது, எல்லாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு சிம்கென்டில் இருக்கிற கூடத்துக்கு ஓடினார்கள், ஓடினவர்கள் அவளைத்தான் திட்டினார்கள். அதெல்லாம் பிறகு.

அன்று ஒராஸாலி அறிக்கையை ரெண்டு தடவை படித்து, மடித்து, சட்டையின் உள்பையில் வைத்தார். நன்றி என்று சொல்லவில்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அவருக்கு ரெண்டு மாத வேலை போயிருந்தது. காய்ந்த பலகை ரெண்டையும் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஆலைக்கு போன் பண்ணினார். ஜன்னல் திறந்திருந்ததால் அவளுக்குக் கேட்டது.

"தொட்டியை மாத்து. பழைய அளவுக்கே போ. அஞ்சு புள்ளி நாலு." மறுமுனையில் யாரோ நம்பாமல் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஆமாடா, மார்ச்சுல தோத்ததுதான். தோக்கலை. வந்து சொல்றேன். ஆளுங்களை நிறுத்தாதே, திங்கட்கிழமை கொட்டறோம்."

உல்போசின் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, மிச்சம் ஐம்பத்தொன்பது கோட்டில் முதலாவதைத் திறந்தாள்.